இரண்டாவது கடிகாரம்

மன்னார்குடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். உங்கள் ஊரில் குளிர் தொடங்கிவிட்டது என்று சொன்னாய், உடம்பைப் பார்த்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்ன இரண்டு விஷயங்களைப் பற்றி ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடையைக் காலி செய்துவிடுங்கள் என்றாய். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சென்ற மாதம் முழுவதும் வந்த வேலையைக் கூட்டிப் பார்த்தால் செல் மாற்றியதும் பட்டை மாற்றியதும்தான் மிச்சம். பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் விட வேண்டிய சாவிக் கடிகாரம் ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதுவும் இறந்துபோன தகப்பனாருடையது என்பதற்காக ஒருவர் பெட்டியிலிருந்து எடுத்து வந்தது. தை பிறந்ததும் கடையை மூடிவிடலாம் என்று நானே முடிவு செய்து வைத்திருக்கிறேன். ஆனால் அடுத்ததாக, "போனில் தெரிகிற நேரம் தவறவே தவறாது அப்பா, அதற்கு மேல் எதற்கு இன்னொரு கடிகாரம்" என்று கேட்டாயே, அதற்குத்தான் அப்போது என்னால் வாய்ப்பேச்சில் பதில் சொல்ல முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் வரும் என்று தோன்றியது.

நீ ஜெர்மனிக்குப் போன புதிதில், 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், உன் சமையலறை அடுப்பில் இருக்கிற கடிகாரம் ஆறு நிமிடம் பிந்தி ஓடுகிறது என்று சொல்லி, அதை எப்படிச் சரி செய்வது என்று என்னிடம் கேட்டாய். கடிகாரக்காரன் மகள் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? ஏதோ சொல்லி வைத்தேன். பழுது உன் அடுப்பில் இல்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் இருவருக்கும் தெரிந்தது. அந்தக் கடிகாரத்துக்குச் சொந்தமாக நேரம் கிடையாது. சுவரிலிருந்து வரும் மின்சாரம் விநாடிக்கு ஐம்பது முறை துடிப்பதை எண்ணி, ஐம்பது எண்ணினால் ஒரு விநாடி என்று கணக்கு வைக்கிற வகை அது. செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையே இருந்த தகராறில், கொசோவோ பக்கம் உற்பத்தி செய்ததைவிட அதிகமாக எடுத்த மின்சாரத்தை யாரும் ஈடு செய்யவில்லை. அதனால் ஸ்பெயின் முதல் துருக்கி வரை இணைந்து கிடக்கிற அந்த மின்தொகுப்பு முழுவதிலும் ஐம்பது ஹெர்ட்ஸ் என்பது சராசரியாக 49.996 ஆகக் குறைந்துவிட்டது. நான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நாளுக்கு ஏறக்குறைய ஏழு விநாடி. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஐம்பது நாள் சேர்ந்தால் ஏறக்குறைய ஆறு நிமிடம் வருகிறது. இருபத்தைந்து நாடுகளில் அடுப்புக் கடிகாரமும் அலாரம் ரேடியோவும் ஒரே அளவு பிந்தின. உன் பக்கத்து வீட்டுக்காரரின் அடுப்பைப் பார்த்து உன் அடுப்பைத் திருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டும் ஒத்துப்போயிருக்கும், இரண்டும் தவறாக இருந்திருக்கும். கைக்கடிகாரம் ஒன்று உன்னிடம் தனியாக இருந்ததால்தான் பிழை உன் கண்ணில் பட்டது.

எங்கள் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது இதுதான்: எந்தக் கடிகாரமும் தன் நேரத்துக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது. உன் தாத்தா ஒவ்வொரு நாள் காலையிலும் தந்தி அலுவலகத்துக்கு நடந்து போய், தன் பாக்கெட் கடிகாரத்தை அங்கிருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டு வந்து, அதற்குப் பிறகுதான் கடையில் இருந்தவற்றுக்குச் சாவி கொடுப்பார். அந்தத் தந்தி அலுவலகத்து நேரம் எங்கிருந்து வந்தது என்று நான் சிறுவனாக இருந்தபோது கேட்டதற்கு, "எல்லாம் மேலிருந்து" என்று கூரையைக் காட்டினார். அவர் சர்க்காரைச் சொன்னாரோ, ஆகாயத்தைச் சொன்னாரோ தெரியாது. இரண்டுமே சரிதான். நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வகத்தில், குறிப்பிட்ட விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கிற கணத்தைத் தொலைநோக்கியில் பார்த்து, அதைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்தினார்கள். ஜான் கோல்டிங்ஹாம் என்பவர் 1802இல் சென்னையின் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது என்று வகுத்தார். பிறகு தந்தி வந்ததும் அந்த நேரம் கம்பி வழியாக நாடெங்கும் போனது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் இருப்பதால் ரயில்வேக்காரர்களும் சென்னை நேரத்தையே எடுத்துக்கொண்டார்கள். 1906 ஜனவரி 1 அன்று இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தபோது சென்னைக் கடிகாரங்களை எட்டு நிமிடம் நாற்பத்தாறு விநாடி முன்னே தள்ளி வைக்க வேண்டியிருந்தது. கல்கத்தாக்காரர்கள் 1948 வரையும் பம்பாய்க்காரர்கள் 1955 வரையும் தங்கள் பழைய நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பது வேறு கதை. அந்த வானாய்வகத்தில் இருந்த, ஷெல்டன் என்பவர் செய்த கடிகாரம் இப்போது கொடைக்கானல் வானாய்வகத்தில் இருக்கிறது. உன்னை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்ட வேண்டும் என்று நினைத்தேன், நடக்கவில்லை.

தச்சராக இருந்து கடிகாரம் செய்யக் கற்ற ஜான் ஹாரிசனைப் பற்றி உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். 1707இல் சில்லித் தீவுகளருகே ஆங்கிலேயரின் நான்கு போர்க்கப்பல்கள் பாறையில் மோதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்ட பிறகு, நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கண்டறிய வழி சொல்பவருக்கு 20,000 பவுண்டு பரிசு என்று 1714இல் சட்டம் வந்தது. புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைக் கப்பலில் பிசகாமல் வைத்திருந்தால், உச்சி வெயிலைப் பார்த்து இருக்கும் இடத்தின் நேரத்தைக் கண்டு, இரண்டின் வித்தியாசத்தில் கிழக்கு மேற்காக வந்த தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஆனால் அலையிலும் வெப்பத்திலும் பிசகாத கடிகாரம் அன்று யாரிடமும் இல்லை. ஹாரிசனின் நான்காவது கடிகாரம் 1761இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்டு, எண்பத்தொரு நாளில் ஐந்து விநாடிதான் பிந்தியது என்று எல்லாரும் வியந்து சொல்வார்கள். அன்று நான் உனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தக் கடிகாரம் உண்மையில் மூன்றரை நிமிடத்துக்கும் மேல் பிந்தியிருந்தது. அது நாளுக்கு இரண்டே முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைவாகப் பிந்தும் என்று புறப்படும் முன்பே போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் அளந்து குறித்து வைத்திருந்தார்கள். அதைக் கழித்த பிறகு நின்றதுதான் அந்த ஐந்து விநாடி. என்னைக் கேட்டால் அவருடைய சக்கரங்களையும் ஸ்பிரிங்கையும்விட அந்தக் குறிப்புதான் பெரிய வேலை. பிறகு வந்த கப்பல்காரர்களும் ஒன்றை நம்பிக் கடலில் இறங்கவில்லை. டார்வின் போன பீகிள் கப்பலில் 1831இல் இருபத்திரண்டு குரோனோமீட்டர்களை, அதாவது துல்லியமான கப்பல் கடிகாரங்களை, ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள்.

இதையெல்லாம் நான் ஏட்டறிவாக மட்டும் சொல்லவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, டெல்டா முழுவதும் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டபோது, நம் தெருவுக்குக் கரண்ட் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. இரண்டாம் நாளே எல்லாருடைய போனும் அணைந்துவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிக்கு மாத்திரை கொடுக்க, தாசில்தார் ஜீப் வரும் என்று சொன்ன நேரத்துக்கு நிற்க, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் நம் வீட்டுத் திண்ணையில் வந்து மணி கேட்டார்கள். கூடத்தில் ஆடுகிற தாத்தாவின் பெண்டுலக் கடிகாரத்தைப் பார்த்து நானும் கம்பீரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் இரவு படுத்திருந்தபோதுதான் காதில் விழுந்தது: டிக் என்பதற்கும் டாக் என்பதற்கும் இடைவெளி சமமாக இல்லை, நொண்டி நடப்பதுபோல் ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். புயலில் ஆணி அசைந்து, பெட்டி ஒரு நூல் அளவு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அது எப்போது சாய்ந்தது, நடுவில் எங்காவது நின்று, யாரோ கதவைச் சாத்திய அதிர்ச்சியில் மறுபடி ஆடத் தொடங்கியதா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளாக ஒரு தெருவே என்னிடம் நேரம் கேட்டுப் போயிருக்கிறது. எந்திரம் பழுதாகி நின்றுபோன குவார்ட்ஸ் கடிகாரங்களிலிருந்து இரண்டு செல்லைக் கழற்றி, பழைய பாக்கெட் டிரான்சிஸ்டரில் போட்டு, வானொலிச் செய்தி தொடங்கும் நேரத்துக்காகக் காத்திருந்தேன். நான்கு நிமிடம் பிந்தியிருந்தது. பெட்டியை நேராக்கி, முள்ளைத் தள்ளி, பெண்டுலத்தின் அடித்திருகை அரைச் சுற்று ஏற்றி வைத்த பிறகுதான் தூக்கம் வந்தது. மாத்திரைக்கு நான்கு நிமிடம் ஒன்றும் செய்யாது. ஆனாலும் மறுநாள் காலை திண்ணைக்கு வந்தவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

குவார்ட்ஸ் வந்தபோது எங்களுக்கு நேர்ந்ததை நீ கண்ணால் பார்த்திருக்கிறாய். 1969இல் ஜப்பானில் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் கடைக்கு வந்தது. 1984இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் ஓசூரில் அதைச் செய்து தள்ளியபோது, அதுவரை எச்.எம்.டி.க்குச் சாவி கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக மாறினார்கள். நான் முதன்முதலில் ஒரு குவார்ட்ஸைத் திறந்து பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அரிசியளவு குழலுக்குள் ஒரு படிகம் விநாடிக்கு 32,768 முறை துடிக்கிறது. அதைப் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வருகிறது, அதுதான் முள்ளின் ஒரு துள்ளல். நான் வாரக்கணக்கில் சாமணமும் ஹேர் ஸ்பிரிங்குமாக உட்கார்ந்து கொண்டுவருகிற துல்லியத்தை அது நூறு ரூபாய்க்குக் கொடுத்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அது தனித்தனிக் கடிகாரம் என்பதையும் சொல்ல வேண்டும். ஊரில் ஆயிரம் பேர் கையில் ஆயிரம் படிகம் துடித்தது, ஒன்று கெட்டால் மற்றது காட்டிக்கொடுத்தது.

இப்போது உன் கையிலும் என் கையிலும் இருக்கிற போன்கள் அப்படி இல்லை. அவை சொல்லும் நேரம் செல்போன் கோபுரத்திலிருந்தோ இணையத்திலிருந்தோ வருகிறது, அந்த இரண்டுமே பெரும்பாலும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளில் இருக்கிற அணுக்கடிகாரத்தைப் பார்த்து நடக்கின்றன. சீசியம் அணுவின் 9,192,631,770 துடிப்புதான் ஒரு விநாடி என்று 1967இல் உலகம் ஒப்புக்கொண்டது. எவ்வளவு நுட்பம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. அந்த நுட்பத்தின் மேல் எதையெல்லாம் ஏற்றி வைத்திருக்கிறோம் என்பது நீயே சொல்லித்தான் எனக்குத் தெரியும்: பக்கத்துப் பக்கத்துக் கோபுரங்கள் தங்களுக்குள் மைக்ரோ விநாடிக் கணக்கில், அதாவது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக் கணக்கில், ஒத்துப்போகாவிட்டால் பேச்சு ஒன்றோடொன்று மோதும், பங்குச் சந்தையில் யார் முந்தி வாங்கினார் என்பது தெரியாது, மின்தொகுப்பில் பழுது எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாது. 2016 ஜனவரி 26 அன்று ஒரு பழைய ஜி.பி.எஸ். செயற்கைக்கோளை ஓய்வுக்கு அனுப்பிய வேளையில், வேறு பல செயற்கைக்கோள்கள் பதின்மூன்று மைக்ரோ விநாடி தவறான நேரத்தை ஒலிபரப்பின. பல மணி நேரம் தொலைத்தொடர்புக் கருவிகள் பல இடங்களில் எச்சரிக்கை கொடுத்தபடி இருந்தன. நம்முடைய இஸ்ரோ அனுப்பிய முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோளில் மூன்று ரூபிடியம் அணுக்கடிகாரங்களை வைத்திருந்தார்கள், ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மூன்றும் ஒரே வகை என்பதை நான் படித்தபோது எனக்கு உன் பக்கத்து வீட்டு அடுப்புதான் நினைவுக்கு வந்தது.

உன் அலுவலகத்தில் நேரம் சொல்லும் நான்கு சர்வர் கணினிகளிடம் கேட்போம், மூன்று ஒன்று சொல்லி நான்காவது வேறு சொன்னால் நான்காவதை ஒதுக்கிவிடுவோம் என்று ஒருமுறை பெருமையாகச் சொன்னாய். நல்ல ஏற்பாடு, பீகிள் கப்பல்காரர்கள் செய்ததும் இதேதான். ஆனால் அந்த நான்கும் தங்கள் நேரத்தை எங்கிருந்து எடுக்கின்றன என்று யாரையாவது கேட்டிருக்கிறாயா? நான்கும் கூரைமேல் இருக்கிற ஒரே ஆன்டெனாவிலிருந்து எடுத்தால், உங்களிடம் இருப்பது நான்கு கடிகாரம் அல்ல, நான்கு முகம் உள்ள ஒரு கடிகாரம். கேட்டு எழுது. எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

கடையை மூடும்போது மேசையையும் கருவிகளையும் தொழில் பழகுகிற ஒரு பையனுக்குக் கொடுத்துவிடுகிறேன். கூடத்துக் கடிகாரம் உனக்கு. நீ அடுத்த முறை வரும்வரை அது ஆடிக்கொண்டிருக்கும். சாவி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, ஞாயிறுதோறும் இரண்டு துளைக்கும் கொடுக்க வேண்டும், மணியடிக்கிற பக்கத்துக்குச் சற்று இறுக்கம் அதிகம். பெட்டியின் பின்பலகையில் பென்சிலால் எழுதியிருப்பதைத் துடைத்துவிடாதே. மேலே இருப்பது தாத்தா கையெழுத்து, கீழே என்னுடையது. கோடையில் நாளுக்கு இருபது விநாடி பிந்தும், மார்கழியில் ஐந்து விநாடி முந்தும் என்று இருக்கும். உங்கள் ஊர்க் குளிருக்கு என்ன செய்யும் என்று நீதான் பார்த்து எழுத வேண்டும், கீழே இடம் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா