ஓசோன் பாடம் காலையில், 'புஸ்' மதியம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அறிவியல், தொழில்நுட்ப வகுப்புகளில் பருவநிலை மாற்றத்தைச் சேர்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதற்கென்று வாரம் ஒரு பீரியட் தனியாக ஒதுக்கச் சொல்கிறார் கட்டுரையாளர். நோக்கம் சரி, வழியில்தான் எனக்கு உடன்பாடில்லை. தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஃபிரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1991-லேயே உத்தரவிட்டது. பாடம் வந்தது, புத்தகம் வந்தது, தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடமும் வந்தது.

என் வகுப்பில் நடந்ததையே சொல்கிறேன். ஒருநாள் காலையில் ஓசோன் படலம் பற்றி நடத்தினேன். ஃபிரிட்ஜ், ஸ்பிரே கேஸ்கள் ஓசோனை அரிக்கும் என்று 1974-ல் விஞ்ஞானிகள் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தது, அந்த கேஸ்களைக் கட்டுப்படுத்த வந்த 1987-ன் மாண்ட்ரியல் உடன்படிக்கை, எல்லாம் கரும்பலகையில். பையன்கள் அழகாக எழுதிக்கொண்டார்கள். மதியம் பட்டறையில் பழைய ஜன்னல் ஏ.சி. ஒன்றில் பைப் பற்றவைக்க வேண்டியிருந்தது. உள்ளே குளிரூட்டுவதற்காக இருந்த ஆர்-22 என்ற கேஸை வால்வைத் திறந்து புஸ்ஸென்று காற்றில் விட்டான் ஒருவன். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கேஸை உறிஞ்சிப் பிடித்துவைக்கும் ரெக்கவரி மெஷின் எங்களிடம் கிடையாது.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஏ.சி.யில் ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் இருந்திருக்கும். ஒரு கிலோ ஆர்-22, ஓசோனை அரிப்பது போக, நூறாண்டுக் கணக்கில் சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வருவது 2.3 கிலோதான். ஆக, அந்த ஒரு 'புஸ்' 780 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கும் பைக்கில் 35,000 கி.மீ. போய்விடலாம்! மறுநாள் இதே கணக்கைப் பையன்களைப் போடச் சொன்னேன். "என்கிட்ட பைக்கே இல்லையே சார்" என்றான் வால்வைத் திறந்தவன். நான் நடத்திய ஓசோன் பாடம் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ, இந்தக் கணக்கை மட்டும் பழைய மாணவர்கள் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்கள்.

ஆர்-22-க்கு அப்புறம் வந்த எச்.எஃப்.சி. (ஹைட்ரோஃப்ளூரோகார்பன்) கேஸ்கள் ஓசோனைத் தொடுவதில்லை, ஆனால் சூட்டை ஏற்றுகின்றன. மாண்ட்ரியல் உடன்படிக்கையில் 2016-ல் செய்த கிகாலி திருத்தப்படி இந்தியா அவற்றை 2032-லிருந்து படிப்படியாகக் குறைத்து, 2047-க்குள் 85 சதவீதம் குறைத்தாக வேண்டும். இன்று 18 வயதில் சேரும் பையனுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. அவன் தொழிலே இந்த மாற்றத்துக்குள்தான் ஓடப்போகிறது. மாற்றாக வரும் கேஸ்களில் ஒன்றான ஆர்-290 வேறெதுவும் இல்லை, எளிதில் தீப்பிடிக்கும் புரோப்பேன்தான். பழைய பழக்கத்தில் அதையும் அறைக்குள் திறந்துவிட்டு டார்ச்சைக் கொளுத்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் தனி பீரியட் வேண்டாம். ஏ.சி.யில் கேஸ் நிரப்பும் 'சார்ஜிங்' வேலையைச் சொல்லித்தரும் அதே மணி நேரத்தில் இதைச் சொல்லித்தரட்டும். பழைய கேஸைச் சிலிண்டரில் பிடித்து, எடை போட்டுக் காட்டினால்தான் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் என்று வைக்கட்டும். புதுப் புத்தகம் அச்சடிக்கும் முன் பட்டறைக்கு ஒரு ரெக்கவரி மெஷின், ஒரு காலி சிலிண்டர், ஒரு தராசு வாங்கித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
கோவை