ராயல்டி நட்டத்தை அடைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தராதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரக் கல்லூரிகளில் வணிகவியலும் மேலாண்மையும் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

செக்காலை ரோட்டில் பல வருடமாக டிவியும் டிவிடி பிளேயரும் விற்றவன் நான். கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் சொந்தத் தொழில் தொடங்குவது பற்றி ஆசையாகப் பேசுகிறார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் வகுப்பில் கேட்டதாக அவர்கள் சொல்லும் ஒரு உதாரணம் என்னைக் கவலைப்பட வைக்கிறது. சோனி தன் வீடியோ கேம் பெட்டியான பிளேஸ்டேஷன் 3-ஐ (பிஎஸ்3) நட்டத்துக்கு விற்றதாம், அது ஓட்டும் ப்ளூ-ரே என்ற உயர்தரப் பட வட்டின் ராயல்டியில், அதாவது காப்புரிமைக்காக வரும் உரிமத் தொகையில், அந்த நட்டத்தை எடுத்துவிட்டதாம். நாமும் பொருளை அடக்கவிலைக்குக் கீழே கொடுத்துவிட்டு, உரிமத் தொகையில் சம்பாதிக்கலாம் என்கிறார்கள். இது தவறு. ஒரு வகுத்தல் கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்.

2006 நவம்பரில் பிஎஸ்3 அமெரிக்காவில் இறங்கியபோது 20 ஜிபி சேமிப்பு உள்ள சின்னப் பெட்டியின் விலை 499 டாலர். ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் அதைப் பிரித்து, பாகம் பாகமாக விலை போட்டதில் அடக்கம் சுமார் 806 டாலர் வந்தது. 60 ஜிபி பெட்டி 599-க்கு விற்றது, அடக்கம் 840. அதாவது ஒரு பெட்டிக்கு 307 அல்லது 241 டாலர் கையை விட்டுப் போனது. விளம்பரச் செலவெல்லாம் தனி. 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சோனியின் கேம் பிரிவு காட்டிய நட்டம் 23,230 கோடி யென். அடுத்த ஆண்டில் இன்னொரு 12,450 கோடி.

சரி, வரவுப் பக்கம் என்ன இருந்தது? சோனி, பானசோனிக், பிலிப்ஸ் மூன்றும் சேர்ந்து ப்ளூ-ரே காப்புரிமைகளை ஒரே உரிமமாகத் தரப்போவதாக அறிவித்ததே 2009-இல்தான். அப்போது சொன்ன கட்டணம் ஒரு பிளேயருக்கு 9.50 டாலர், படம் பதிந்த வட்டுக்கு 11 சென்ட். அந்த 11 சென்டும் சோனிக்கே வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு சின்னப் பெட்டியின் நட்டம் அடைய ஏறத்தாழ 2,800 வட்டு விற்க வேண்டும். எந்த வீட்டில் அத்தனை படம் வாங்குவார்கள்? முதல் ஆண்டு நட்டம் மட்டும் அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 200 கோடி டாலர். அதை அடைக்க 1,800 கோடி வட்டு வேண்டும். அன்று உலகத்தில் இருந்த ஆளுக்கு இரண்டுக்கும் மேல், கைக்குழந்தை உட்பட.

பிளேயர் கட்டணத்தை நம்பலாமா என்றால், ஒரு பிஎஸ்3-க்கு மற்ற கம்பெனிகள் 32 பிளேயர் விற்றாக வேண்டும். தொடக்க ஆண்டுகளில் வீடுகளுக்குப் போன ப்ளூ-ரே பிளேயர்களில் பெரும்பங்கு பிஎஸ்3-ஆகவே இருந்தது. பிறகு யாரிடம் வசூலிப்பது? போதாததற்கு, ப்ளூ-ரே சோனியின் தனிச்சொத்தும் இல்லை. 2002-இல் ஒன்பது கம்பெனிகள் கூடி அறிவித்த வடிவம் அது. வருகிற காசைப் பங்கு போட வேண்டும். சோனி செய்யும் பெட்டிக்குள்ளும் மற்றவர்களின் காப்புரிமை இருக்கிறது.

சிடியை வைத்து இந்த நம்பிக்கை வளர்ந்திருக்கலாம். 1982-இல் வந்த சிடிக்குப் பிலிப்ஸும் சோனியும்தான் மூலவர்கள், ஆகவே உரிமத் தொகை நன்றாகவே வந்தது. ப்ளூ-ரேக்கு அந்தக் காலம் வாய்க்கவில்லை. தோஷிபா 2008 பிப்ரவரியில் ப்ளூ-ரேயின் போட்டி வடிவமான எச்டி டிவிடியைக் கைவிட்டது, சோனி பக்கம் ஜெயித்தது, உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே நெட்ஃபிளிக்ஸ் இணையம் வழியாகப் படம் காட்டத் தொடங்கிவிட்டது. நம் ஊரில் டிவிடி வாடகைக்கு எடுத்தவர்கள் நேராக செல்போனுக்குப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். ப்ளூ-ரே கேட்டு வந்தவர்கள் மிகச் சிலர்.

அப்படியானால் சோனி எப்படி எழுந்தது? அடக்கத்தைக் குறைத்தது. பிஎஸ்3-இன் மூளையான செல் சிப் 90 நானோமீட்டரிலிருந்து 65-க்கும் 45-க்கும் சுருங்கியது. முந்தைய மாடலான பிஎஸ்2-இன் ஆட்டங்களுக்காக உள்ளே வைத்திருந்த பழைய சிப்பை எடுத்துவிட்டார்கள். 2009-இல் மெலிந்த மாடலை 299 டாலருக்குக் கொடுக்க முடிந்தது அதனால்தான். அப்புறம், விற்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் சோனிக்கு ஒரு பங்கு உண்டு. அது சென்ட் கணக்கு இல்லை, டாலர் கணக்கு. பெட்டியை மலிவாகக் கொடுக்கும் துணிச்சலுக்குப் பின்னால் நின்றது அந்தப் பங்கு. ப்ளூ-ரே ஜெயித்ததில் சோனியின் படக் கம்பெனிக்கு ஆதாயம் இருந்திருக்கும். அதையும் ராயல்டியையும் ஒரே தலைப்பில் போட்டுக் கூட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

இந்த மண்ணில் பெட்டியடிப் பையனாகக் கடைசிப் படியில் சேர்ந்து, அடுத்தாளாகி, கடைப் பொறுப்பாளரான மேலாளாக உயர்ந்தவர்கள் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் முதலாளிக்கு ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் கணக்கு, அனுப்பினார்கள். எந்தப் பேரேட்டிலிருந்து எவ்வளவு என்று அதில் தனித்தனியாக இருக்கும். அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா ஓய்வூதியப் பணத்தையும் அம்மா நகையையும் முதலாகக் கேட்கப்போகிறவர்கள்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்தில் இந்த உதாரணத்தை எடுக்கும்போது, 307 டாலரைப் பலகையில் ஒரு பக்கமும் 11 சென்டை மறுபக்கமும் எழுதி, பிள்ளைகளையே வகுக்கச் சொல்லுங்கள். அந்தக் கையோடு, அவரவர் தொடங்க நினைக்கும் தொழிலுக்கும் அதே கணக்கைப் போட வையுங்கள். கூப்பிட்டால் என் கடையின் பழைய கணக்கு நோட்டுகளோடு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
செக்காலை ரோடு வியாபாரி ஒருவர்