ஸ்விஃப்டுக்கு எத்தனை பவுண்ட் காற்று?

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. நுவரெலியாவில் குளிர் விடவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே அட்டனில் காலையில் நல்ல வெயில், பின்னேரம் தவறாமல் மழை, கொழுந்து தளதளவென்று வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, உன்னை விசாரித்தார். சின்னவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், வீட்டில் டீவி போட்டே பல நாள் ஆகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்விஃப்ட் காரை களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்த ரேஸ் ட்ராக்கில் ஓட்டப் போகிறாய், டயருக்கு எத்தனை பவுண்ட் அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். ஒற்றை எண்ணாக யார் சொன்னாலும் நம்பாதே, நான் சொன்னாலும்தான். "25க்கு இறக்கு, நன்றாகப் பிடிக்கும்" என்று உனக்குச் சொன்ன ஆள் கிரகரி வாவிப் பக்கம் சேற்றில் ஜீப் ஓட்டுகிறவராக இருக்க வேண்டும். சேற்றுக்கு அது சரி. தார்த் தரையில் வேகமாக வளைக்கும்போது காற்றுக் குறைந்த ரோட்டு டயரின் பக்கம் மடங்கி, கார், தரையில் பட வேண்டிய வரிப்பகுதியான பட்டனை விட்டுவிட்டு டயரின் ஓரத்தில் உருள ஆரம்பித்துவிடும், ஸ்டியரிங்கைத் திருப்பியும் மூக்கு திரும்பாது, டயர் ஓரமும் ஒரே நாளில் போய்விடும். ரேஸ் டயர்க்காரர்கள் இறக்குகிறார்களே என்பாய். அந்த டயரின் பக்கம் விறைப்பு, காரின் சக்கரங்களையும் உள்ளே சாய்த்து வைத்திருப்பார்கள், உன்னிடம் அது இரண்டும் இல்லை.

ஆரம்பத்துக்கு டிரைவர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரைப் பார். ஜப்பானிலிருந்து வந்த கார் என்பதால் கிலோபாஸ்கலில் இருக்கும். 230 என்று இருந்தால் நம் கணக்கில் 33 பவுண்ட், 220 என்றால் 32. அது டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டிய அளவு, அங்கிருந்தே தொடங்கு.

இதில் மலைநாட்டு ஆட்களுக்கு மட்டும் ஒரு கூத்து இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடற்கரையை விடக் குறைவு, அதனால் அங்கே 33 காட்டுகிற டயர் கீழே இறங்கினால் காற்று அளக்கிற கேஜில் கிட்டத்தட்ட 3 பவுண்ட் குறைவாகக் காட்டும். ஆனால் களுத்துறைப் பக்கம் சூடு அதிகம், 5, 6 பாகை செல்சியஸ் கூடினால் ஒரு பவுண்ட் ஏறும் என்பது ஏறக்குறைய சரியான கணக்கு, ஆக உயரத்தில் போனதை வெயில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வேடிக்கைதான், ஆனாலும் அதை நம்பி இருந்துவிடாதே, கீழே போய் அளந்து பார். இறங்கிய கையோடு அளந்தால் பிரயோசனமில்லை, கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து ரிம் வழியாக டயரும் சூடேறியிருக்கும். ராத்திரி அங்கே தங்கி, விடியற்காலையில் வெயில் படும் முன் அள.

அப்புறம் ட்ராக். நாலைந்து சுற்று ஓடினாலே உள்ளே இருக்கிற காற்று சூடாகி 5, 6 பவுண்ட் ஏறிவிடும், காலையில் 33 வைத்தது 39 ஆகும். பிடிமானம் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது இந்தச் சூட்டு அளவுதான், காலையில் வைத்தது இல்லை. உள்ளே வந்ததும் ஹெல்மட்டைக் கழற்றும் முன் அள, பத்து நிமிஷம் கதை பேசிவிட்டு அளந்தால் எண் மாறியிருக்கும். முன் இரண்டும் 35, 36க்கு வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாக விடு. முன் சக்கரத்தில் ஓடுகிற கார், முன் டயர்தான் இழுக்கிறது, திருப்புகிறது, பிரேக்கின் பெரும்பங்கையும் தாங்குகிறது, அதனால் அதுதான் அதிகம் சூடாகும். பின் டயரைத் தொடாதே. பின்னால் காற்றைக் கூட்டினால் கார் சுலபமாகத் திரும்பும் என்று அங்கே யாராவது சொல்வார்கள், உண்மைதான், ஆனால் முதல் சுற்றில் பின் டயர் ஆறிக் கிடக்கும்போது வால் சுற்றிக்கொண்டு போவதும் அதே காரணத்தால்தான்.

எண் சரியா என்று டயரே சொல்லும். டயரின் ஓரத்தில், பட்டன் முடிகிற இடத்தில், பல கம்பனிகள் சின்னதாக ஒரு முக்கோணம் போட்டிருப்பார்கள். ஓடும் முன் வெண்கட்டியால் பட்டனிலிருந்து பக்கச்சுவர் வரை குறுக்கே ஒரு கோடு இழு. ஓடி வந்து பார்த்தால் கோடு முக்கோணத்தின் முனை வரை அழிந்திருக்க வேண்டும். அதையும் தாண்டி அழிந்திருந்தால் காற்றுக் குறைவு, அதற்கு முன்னாலேயே நின்றிருந்தால் அதிகம். டயரைச் சுற்றி மூன்று இடத்தில் கோடு போடு, ஒன்று தற்செயலாக அழிந்தாலும் மற்றது இருக்கும்.

டயரின் வயதையும் பார்த்துக்கொள், பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த வயது டயரில் நான் ட்ராக்கில் இறங்க மாட்டேன்.

திரும்பி வரும்போது மறந்துவிடாதே, சூட்டில் 35க்கு இறக்கிய டயர் ஆறியதும் 29க்கு வந்து நிற்கும். வீட்டு ஆட்களையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு அப்படியே மலை ஏறாதே, புறப்படும் முன் ஸ்டிக்கர் அளவுக்கு அடி.

பெற்றோல் செட் கேஜை நம்பாதே, ஒன்றுக்கொன்று 3, 4 பவுண்ட் வித்தியாசம் காட்டும். என்னிடம் நல்ல கேஜ் ஒன்று சும்மா கிடக்கிறது, அட்டன் வழியாகத்தானே இறங்குவாய், வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு அதையும் எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
சிவா