சின்ன ஊரில் கிளினிக் திறக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, சின்ன ஊரில் சொந்தமாகப் பல் கிளினிக் திறக்கப் போகிறேன் என்று நீ சொன்னது எனக்கு ரொம்ப சந்தோஷம். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன். படிப்பு உன்னிடம் இருக்கிறது. சின்ன ஊரில் அது எங்கெல்லாம் இடறும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அங்கே நோயாளி வேறு, தெரிந்தவர் வேறு என்று இருக்காது. நீ பல் பிடுங்கியவரே உன் பிள்ளைக்குப் பாடம் எடுப்பார், உன் வீட்டுக் குழாயைப் பழுதுபார்ப்பார். இது பாரமில்லை கண்ணு, பெரிய பாக்கியம். நீ சொத்தையில் வைத்த அடைப்பு பத்து வருஷம் கழித்து எப்படி நிற்கிறது என்று உன் கண்ணாலேயே பார்க்கலாம்.

முதலில் கருவிச் சுத்தம். இதை நோயாளி பார்க்கமாட்டார், கேட்கவும் மாட்டார். அதனாலேயே நீ விடாப்பிடியாக இருக்க வேண்டும். நீராவியால் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவ் 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில் ஓடினால் உறையிட்ட கருவிகளுக்கு 30 நிமிஷம் கொடு. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் 134 டிகிரி வாக்குவம் இயந்திரமென்றால் மூன்று நான்கு நிமிஷம் போதும், ஆனால் கையேட்டில் போட்டிருக்கும் நேரத்தில் ஒரு நிமிஷம்கூடக் குறைக்காதே. தவறு பெரும்பாலும் சூட்டில் நடப்பதில்லை, அடுக்குவதில் நடக்கும். உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் நடுவில் நீராவி போகாது. காய்ந்த ரத்தம் ஒட்டிய கருவியை அப்படியே உள்ளே வைத்தால், அந்த ரத்தத்துக்கு அடியில் கிருமி பத்திரமாக இருக்கும். ஈரத்தோடு வெளியே எடுத்த உறை, காகிதம் வழியாகக் கிருமியை உள்ளே இழுத்துக்கொள்ளும். உறைமேல் ஒட்டும் டேப் நிறம் மாறினால் சூடு பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். கிருமி செத்ததா என்பதை சூட்டைத் தாங்கும் கிருமி வித்துகளை உள்ளே வைத்து வாரம் ஒருமுறை செய்யும் ஸ்போர் டெஸ்ட்தான் சொல்லும்.

டிரில் சுழலும் கைப்பிடியான ஹேண்ட்பீஸை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்தவர் வாயில் வைப்பது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. சுழற்சி நிற்கும் நொடியில் அது எச்சிலையும் ரத்தத்தையும் தலைக்குள் உறிஞ்சும். வெளியே துடைத்து என்ன பிரயோஜனம்? ஒவ்வொருவருக்கும் பிறகு கழுவி, எண்ணெய் விட்டு, சில நொடி ஓடவிட்டு மிச்ச எண்ணெயை வெளியேற்றி, அதன் பிறகு உறையிட்டு ஆட்டோகிளேவில் வை. எண்ணெயை வெளியேற்றாமல் சூடாக்கினால் உள்ளே பிசினாகி பேரிங் போய்விடும். உலரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு முக்கால் மணி, ஒரு மணி ஆகும். நாலைந்து ஹேண்ட்பீஸாவது இல்லாவிட்டால் அவசரத்தில் யாரோ ஒருவருக்கு விதியை மீறத் தோன்றும். நாற்காலி அழகாக இருப்பது அப்புறம், முதலில் இதற்குச் செலவு செய். நாற்காலியோடு இணைந்த தண்ணீர்க் குழாய்களிலும் வழவழப்பான கிருமிப் படலம் கட்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் 20–30 நொடி தண்ணீரைத் திறந்துவிடு, ராத்திரி அதன் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து உலரவை.

வலி தெரியாமல் வேலை செய்கிறார் என்று பெயர் வாங்கினால், மற்றதெல்லாம் தானாக வரும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் போடும் ஊசி தோற்பதற்கு முதல் காரணம், ஊசி கீழே இறங்கிவிடுவது. ரத்தம் வருகிறதா என்று பின்னிழுத்துப் பார்த்துவிட்டு, நிமிஷத்துக்கு ஒரு மில்லி வேகத்தில் ஏற்று. வலியில் பாதி மருந்தை வேகமாகத் தள்ளுவதால் வருவதுதான். உதடு மரத்துவிட்டது என்று அவர் சொன்னதும் டிரில்லை எடுத்துவிடாதே. உதடு மரத்தாலும் பல் நரம்பு விழித்திருக்கலாம். குளிர் ஸ்பிரே தெளித்த பஞ்சைப் பல்லில் வைத்துப் பார், கூசினால் இன்னும் நேரமாகவில்லை.

குழந்தைகளுக்கு எடையைக் கேட்காமல் சிரிஞ்சைத் தொடாதே. மரக்கவைக்கும் மருந்தான லிக்னோகேன் 2 சதவீதத்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம். கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் 15 கிலோ குழந்தைக்கு 66 மில்லிகிராம், அதாவது 3.3 மில்லி. அதுதான் உச்சவரம்பு. மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், இரண்டு மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அம்மாவிடம் சொல்லியனுப்பு.

பல் பிடுங்கிய பிறகு சொல்லும் வார்த்தைகளை அச்சடித்துக் கையில் கொடு, வாய்ப்பேச்சு வாசல் தாண்டுவதில்லை. பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி வரை கடித்திருக்க வேண்டும். 24 மணி நேரம் துப்பவோ கொப்பளிக்கவோ புகைக்கவோ கூடாது. அதன் பிறகு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். மூன்றாம் நாள் வலி குறையாமல் காதுவரை ஏறினால் குழியில் ரத்தக்கட்டி கரைந்திருக்கும். ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து அனுப்பாதே. குழியைக் கழுவி மருந்து வைத்தால் அன்றைக்கே ஆறுதல் கிடைக்கும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், 'நானே ரெண்டு நாள் நிறுத்திட்டு வந்தேன்' என்பார். அப்படி நிறுத்தினால் பக்கவாதமோ மாரடைப்போ வரலாம். ஈறிலிருந்து கசியும் ரத்தத்தைத் தையலும் அழுத்தமும் நிறுத்திவிடும், மூளையில் அடைத்த ரத்தக்கட்டியை நீ என்ன செய்ய முடியும்? அந்த மாத்திரை வார்ஃபரின் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவைப் பார். 3.5க்கு மேல் இருந்தால் கைவைக்காமல் அவருடைய மருத்துவரிடம் பேசு. ரத்த அழுத்தம் 180/110 தாண்டினால் அவசரமில்லாத வேலையைத் தள்ளிப்போடு. தாடைக்கு அடியில் இரு பக்கமும் பலகைபோல் வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல் வருகிறவரை நாற்காலியில்கூட உட்காரவைக்காதே. மூச்சு அடைக்கக்கூடிய நிலை அது, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

எந்தப் பல்லுக்காக வந்தாலும் முழு வாயையும் பார். நாக்கு நுனியைப் பஞ்சுத்துணியால் பிடித்து இரு பக்கமும் திருப்பி ஓரங்களைப் பார், நாக்கைத் தூக்கச் சொல்லி அடித்தளத்தை விரலால் தடவு. இரண்டு நிமிஷ வேலை. இரண்டு வாரத்தில் ஆறாத புண், வழித்தாலும் போகாத வெள்ளைப் படலம், வெல்வெட் மாதிரி சிவப்புத் திட்டு இருந்தால் பயாப்ஸிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு அனுப்பு. புகையிலை போடுகிறவரிடம் இன்னும் கவனம் வேண்டும். புற்றுநோயின் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது, அதனால் அவராகச் சொல்லமாட்டார். ஊருக்கு நீ செய்யும் மிகப் பெரிய உபகாரம் இந்த இரண்டு நிமிஷத்தில் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

அடுத்தது பள்ளிக்கூடம். ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல், விழுந்த எந்தப் பல்லின் இடத்திலும் வருவதில்லை, பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வரும். பெற்றோர் அதையும் பால் பல் என்று நினைத்து, 'விழப்போறதுதானே' என்று சொத்தையை விட்டுவிடுகிறார்கள். நீ போய்ப் பேசும்போது வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல். பேஸ்ட் மூன்று வயதுக்குள் அரிசியளவு, ஆறு வயதுவரை பட்டாணியளவு, அதில் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃபுளோரைடு இருக்க வேண்டும். விளையாட்டு ஆசிரியருக்குத் தனியாகச் சொல்லிக்கொடு: பல் முழுதாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் வெண்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் சில நொடி மட்டும் கழுவி, குழியிலேயே திரும்பச் செருக வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு அரை மணிக்குள் உன்னிடம் வர வேண்டும். பால் பல்லைத் திரும்பச் செருகக் கூடாது, அடியில் வளரும் பல் கெடும்.

காசில்லாதவருக்குக் குறைந்த தரத்தில் வேலை செய்யாதே. வாரத்தில் சில மணி நேரத்தை அதற்கென்று ஒதுக்கிவிடு, யாருக்கு இலவசமாகச் செய்தாய் என்பது உன் உதவியாளருக்குக்கூடத் தெரிய வேண்டியதில்லை. சொந்தக்காரர்களுக்கு வேறு மாதிரி ஆபத்து. தெரிந்தவர்தானே என்று எக்ஸ்ரே எடுக்கமாட்டோம், மருந்து ஒவ்வாமையைக் கேட்கமாட்டோம், குறிப்பு எழுதமாட்டோம். சித்தப்பாவுக்கும் புதுச் சீட்டுப் போடு.

தெருவில் நிறுத்தி வாயைத் திறந்து காட்டுவார்கள், மாத்திரை பெயர் கேட்பார்கள். பிரியத்தில்தான் கேட்கிறார்கள். 'வெளிச்சத்தில் பார்த்தால்தான் சரியாகச் சொல்ல முடியும், காலையில் முதல் ஆளாக வாங்க' என்று சொல், சொன்னபடி முதல் ஆளாகப் பார். சாயங்காலம் மூடும் நேரத்தைப் பலகையில் எழுதிவைத்துவிட்டு நீயே மீறாதே. ராத்திரி வரத் தகுந்தவை வீக்கம், நிற்காத ரத்தம், அடிபட்ட பல் மட்டும்தான். மற்றவர்களுக்குப் போனிலேயே வழி சொல்லலாம். மிச்ச நேரம் மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. முதுகும் உன்னுடையதுதான் என்பதை மறக்காதே. நோயாளியின் வாய் உன் முழங்கை உயரத்துக்கு வரட்டும், தெரியவில்லையென்றால் கழுத்தை வளைக்காமல் நாற்காலியைச் சாய்.

குடும்பத்தோடு வெளியூர் கிளம்பும் வாரத்தில் புதிதாக ரூட் கேனால் ஆரம்பிக்காதே, முதல் இரண்டு நாளில்தான் வலி கிளம்பும். பக்கத்து ஊர் மருத்துவர் ஒருவரிடம் முன்பே பேசி, அவர் எண்ணைக் கதவில் ஒட்டு. அவர் வெளியே போகும்போது அவருடைய நோயாளிகளை நீ பார். கிளம்புமுன் மெயின் தண்ணீர் வால்வை மூடி, கம்ப்ரஸர் தொட்டியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடு.

அன்புடன்,
அப்பா