நூல் பொட்டலங்களில் எண்கள் ஏன் மாறின: கப்பல் மாடல் கட்டுகிறவர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

சமீபத்தில் நம்மிடம் மாடல் கப்பலில் கயிறாகக் கட்டும் நூல் வாங்கியவர்களில் பாதிப் பேராவது ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "முன்னாடி வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கிறது, பொட்டலம் மாறி வந்துவிட்டதா?" மாறவில்லை. தெரிந்துதான் அனுப்பினோம். அதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்பியிருக்க வேண்டும், அது எங்கள் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் இருக்கிறது: இப்போது வந்திருப்பது சரியான நூல், இத்தனை நாள் நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்ததுதான் தப்பான நூல்.

நடந்தது இதுதான். பழைய பொட்டலங்களில் 3 அங்குலம், 6 அங்குலம், 12 அங்குலம் என்று அசல் கப்பலின் கயிற்றளவைப் போட்டு, பக்கத்தில் 1:96, 1:72 என்று மாடலின் அளவுவிகிதத்தையும் போட்டிருந்தோம் (1:96 என்றால் அசலில் 96-ல் ஒரு பங்கு). அங்குலக் கணக்கைப் பாய்மரக் காலத்துப் பழைய பட்டியல்களிலிருந்து எடுத்தோம். 1794-ல் லண்டனில் டேவிட் ஸ்டீல் வெளியிட்ட பாய்மர, கயிற்று வேலைப் புத்தகத்தில் எந்தக் கப்பலுக்கு எந்தக் கயிறு எத்தனை அங்குலம் என்று வரிசை வரிசையாகப் பட்டியல் இருக்கும். பாய்க்கப்பல் கட்டுகிற எல்லோரும் ஏதோ ஒரு வழியில் அந்த மாதிரிப் பட்டியலில்தான் போய் நிற்போம். அந்தக் காலத்தில் கயிற்றின் அளவு என்றால் சுற்றளவு. குறுக்களவு இல்லை. கயிறு மெத்தென்று இருக்கும், பிடித்தால் அமுங்கும், முழு வட்டமாகவும் இருக்காது, அதனால் சுற்றி அளப்பதுதான் சுலபம். இன்று கடையில் 10 மி.மீ. கயிறு கொடுங்கள் என்று குறுக்களவில் கேட்டு வாங்கிப் பழகிய நாங்கள், 12 அங்குலம் என்று பார்த்ததும் அதையும் குறுக்களவாகவே நினைத்து 96-ஆல் வகுத்துவிட்டோம். 3.2 மி.மீ. வந்தது. குறுக்களவு சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம்தான், அதனால் வரவேண்டியது 1 மி.மீ.

3.2 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட ஷூ லேஸ். அது எப்படி இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை என்று கேட்பீர்கள். மெல்லிய கயிறுகளில் இந்தத் தப்பு தெரியாது. 3 அங்குலக் கயிற்றுக்கு கால் மி.மீ. வரவேண்டிய இடத்தில் 0.8 மி.மீ. கொடுத்தோம், மாடல் பெட்டியிலேயே பாகங்களோடு சேர்ந்து வருகிற நூலும் பல சமயம் அந்தத் தடிமனில்தான் இருக்கும், அதனால் கண்ணுக்குப் பழகிப்போய்விட்டது. பெட்டி மேல் போட்ட படத்திலும் அப்படியே இருக்கும். படத்தில் இருப்பது போலவே நம் மேசையிலும் இருந்தால் சந்தேகம் எங்கிருந்து வரும்?

எனக்குச் சந்தேகம் வந்தது என் சொந்தக் கப்பலில்தான். 1:96-ல் ஒரு மூன்று பாய்மரப் போர்க்கப்பல், கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வருடம் ஓடிய வேலை, பாய்மரங்களைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் ஷ்ரவுட் கயிறுகளையும் முன்பக்கம் இழுக்கும் ஸ்டே கயிறுகளையும் கட்டி முடித்து, அப்பாடா என்று கடைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தேன். ஒரு வாடிக்கையாளர் வந்து ரொம்ப நேரம் பார்த்தார். எதுவும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி மாலுமிப் பொம்மையை எடுத்தார், 18 மி.மீ. உயரம், அதாவது 1:96-ல் ஒரு சராசரி ஆள். அதை இடுக்கியால் பிடித்து முதன்மைப் பாய்மரத்தின் ஸ்டே கயிற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். கயிறு அந்த ஆளின் இடுப்பளவு இருந்தது. "இதை யார் சார் தூக்கிக் கட்டினது?" என்று கேட்டுவிட்டு, வந்த வேலையான 400 நம்பர் உப்புத்தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவு எல்லாப் பொட்டலங்களையும் மேசையில் கொட்டி மறுபடி கணக்குப் போட்டோம். போடும்போது ஒரு குறுக்குவழியும் கிடைத்தது. பட்டியலில் இருக்கும் அங்குலச் சுற்றளவை 8-ஆல் பெருக்குங்கள், அளவுவிகிதத்தால் வகுங்கள், வருவது மி.மீ.-ல் நூலின் குறுக்களவு. ஒரு அங்குலம் 25.4 மி.மீ., அதை பை (3.14) என்ற எண்ணால் வகுத்தால் 8-க்கு ஒரு மயிரிழை மேலே வரும், அவ்வளவுதான் இதன் ரகசியம். 1:96 என்றால் நேராக 12-ஆல் வகுத்தால் போதும், 1:72-க்கு 9-ஆல், 1:64-க்கு 8-ஆல், 1:48-க்கு 6-ஆல். 19 அங்குல ஸ்டே கயிறு 1:100-ல் ஒன்றரை மி.மீ. ஷ்ரவுட்களுக்குக் குறுக்கே ஏணிப்படி மாதிரிக் கட்டும் ராட்லைன் ஒன்றரை அங்குலம் என்றால் 1:96-ல் 0.12 மி.மீ., தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். அந்தப் படிகளுக்கு நடுவில் அசலில் ஓரடிக்குச் சற்று மேல்தான் இடைவெளி, 1:96-ல் மூன்றரை மி.மீ.க்குப் பக்கம். நாம் கொடுத்த பழைய நூலில் முடிச்சுப் போட்டால் முடிச்சே அந்த இடத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும். "எவ்வளவு முயன்றாலும் ராட்லைன் கொசகொசவென்று வருகிறது, என் கைதான் சரியில்லை போல" என்று எங்களிடம் வருத்தப்பட்டவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் கை சரியாகத்தான் இருந்தது, நூல்தான் தடிமன்.

ஆகவே இனி பொட்டலத்தில் அங்குலமும் கிடையாது, அளவுவிகிதமும் கிடையாது. நூலின் குறுக்களவு மட்டும் மி.மீ.-ல் இருக்கும். உங்கள் கப்பலுக்கு எது என்பதை மேலே சொன்ன கணக்கால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

எண்ணை மாற்றுகிற கையோடு இன்னும் சிலவற்றையும் மாற்றினோம், அதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். முதலில் முறுக்கு. சாதாரணக் கப்பல் கயிறு முப்புரிக் கயிறு, வலப்புரி. செங்குத்தாகப் பிடித்துப் பார்த்தால் புரிகள் இடக்கீழிலிருந்து வலமேலாக ஏறும். நங்கூர வடம் அப்படி இல்லை. மூன்று வலப்புரிக் கயிறுகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால்தான் அந்த வடம், ஆக மொத்தம் ஒன்பது புரி, வெளியே பார்க்க இடப்புரி. இதுவரை எல்லாத் தடிமனையும் ஒரே பக்கமாக முறுக்கிக் கொடுத்தோம். இனி 1.5 மி.மீ.-க்கு மேலே கேட்பவர்களிடம் "நங்கூரத்துக்கா, ஸ்டேக்கா?" என்று கேட்போம், எரிச்சல் படாதீர்கள்.

நங்கூர வடம் என்றதும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் படம் அனுப்புகிறவர்களில் பத்தில் ஏழு பேர் அந்த வடத்தைக் கொண்டுபோய், ஆட்கள் சுற்றி நின்று தள்ளிச் சுழற்றும் கேப்ஸ்டன் உருளையில் மூன்று சுற்று சுற்றிவிடுகிறீர்கள். பெரிய போர்க்கப்பலில் அது நடக்காத காரியம். 24 அங்குல வடம் என்றால் குறுக்கே 19 செ.மீ., நனைந்தால் பிணம் கனம், உருளையைச் சுற்றி வளையவே வளையாது. அதனால் மெசஞ்சர் என்று மெல்லிய கயிறு ஒன்றை இரண்டு முனையையும் சேர்த்து வளையமாக்கி அதைத்தான் உருளையில் சுற்றுவார்கள். வடத்தை அந்த வளையத்தோடு குட்டைக் கயிறுகளால் இடையிடையே கட்டிவிட்டு ஆட்கள் உருளையைத் தள்ளத் தள்ள, வளையம் நகரும், வடமும் கூடவே உள்ளே வரும். கீழ்த்தளத்துக்கு இறங்கும் வாய் பக்கத்தில் வந்ததும் கட்டுகளை அவிழ்த்து வடத்தைக் கீழே விட்டு, அவிழ்த்த குட்டைக் கயிறுகளை எடுத்துக்கொண்டு பையன்கள் மறுபடி அணியத்துப் பக்கம் ஓடுவார்கள். இதை மாடலில் காட்டியவர்கள் இரண்டே பேரைத்தான் பார்த்திருக்கிறேன். 1:100-ல் வடத்துக்கு 1.9 மி.மீ. இடப்புரி, மெசஞ்சருக்கு 1 மி.மீ. வலப்புரி, கட்டுவதற்கு 0.3, மூன்று பொட்டலம் போதும், செய்து பாருங்கள்.

அடுத்தது நிறம். கன்னங்கரேல் நூலை நிறுத்திவிட்டோம். நிலையாக நிற்கும் கயிறுகளுக்கு மழையும் உப்பும் ஏறாமல் தார் பூசுவார்கள். பைன் மரத்திலிருந்து எடுக்கும் அந்தத் தார் அடிப்படையில் பழுப்பு, பூசிப் பூசித்தான் கறுக்கும். அப்படியே கறுத்த கயிறாக இருந்தாலும் சின்ன மாடலில் சுத்தக் கறுப்பு நூல் கட்டினால் மையால் கோடு இழுத்த மாதிரி இருக்கிறது, கண் அதிலேயே போய் நிற்கிறது. இது என் அபிப்பிராயம்தான், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். இப்போது இருப்பது கரும்பழுப்பு. பாய்களை ஏற்றி இறக்கும் ஓடுகயிறுகளுக்கு வெளிர் பழுப்பு. வெள்ளை நூல் கேட்காதீர்கள், புதுச் சணற்கயிறுகூட வெள்ளை கிடையாது. 1869-ல் கட்டிய கட்டி சார்க் மாதிரியான தேயிலைக் கப்பல் செய்கிறவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு, அதில் நிலைக்கயிறுகள் இரும்புக் கம்பிவடம், அதற்கு நூலைவிட முறுக்கிய செப்புக் கம்பி மேல்.

நிறத்தில் கடைசி வார்த்தை யாருடையதும் இல்லை என்பதற்கு அசல் கப்பல்களே சாட்சி. 1628-ல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கி 1961-ல் மேலே வந்த வாசா கப்பலின் சிற்பங்களுக்குப் பின்னணி நீலம் என்று ரொம்ப காலம் நினைத்தார்கள். மரத்தில் ஒட்டியிருந்த நிறத்துகள்களை ஆராய்ந்தபோது அது சிவப்பு என்று தெரிந்தது. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி போர்க்கப்பலும் அப்படித்தான், பல அடுக்குப் பெயிண்ட்டை ஆராய்ந்துவிட்டு 2015-ல் அதன் பக்கவாட்டுப் பட்டைகளைப் பழைய காவி மஞ்சளிலிருந்து வெளிறிய நிறத்துக்கு மாற்றினார்கள். அதற்கு முந்தைய வருடம் விக்டரி மாடலைக் கட்டி முடித்த ஒருவர் எங்களிடம் அழாத குறை.

மூன்றாவது, பருத்தி நூலைக் குறைத்துக்கொண்டு பாலியெஸ்டருக்கு மாறுகிறோம். பருத்தி ஈரக்காற்றில் ஊதி நீளத்தில் சுருங்கும், காய்ந்தால் தொய்யும். வறண்ட நாளில் விண்ணென்று இழுத்துக் கட்டினால் மழைக்காலத்தில் மேல்பாய்மரம் வில்லாக வளைந்து நிற்கும். பஞ்சுமயிர் வேறு துருத்தும். பாலியெஸ்டருக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பருத்தியில் செய்கிற மாதிரி மயிரைப் பொசுக்க மெழுகுவர்த்தி மேல் ஓட்டாதீர்கள், உருகி அறுந்துவிடும். முடிச்சில் சூப்பர் குளூ வைத்தால் வெள்ளை பூத்து மொடமொடவென்று ஆகி பிற்பாடு அந்த இடத்திலேயே ஒடியும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு சொட்டு, ஊசி முனையில் தொட்டு வைத்தால் போதும்.

சிலர் வீட்டிலேயே கயிறு திரிக்கிறீர்கள், நல்லது, கடைக்கு நஷ்டம்தான் என்றாலும் சொல்கிறேன். கயிறு திரிக்கும் மூன்று கொக்கிப் பொறியில் ஒரு மீட்டர் விட்டால் கையில் வருவது முக்கால் மீட்டருக்குப் பக்கம்தான், அதைக் கணக்கில் வைத்து நூல் வாங்குங்கள். புரிகளுக்கு நடுவில் வைக்கும், மூன்று காடி வெட்டிய கூம்புக்கட்டையை அவசரப்பட்டுத் தள்ளக்கூடாது, முறுக்கு அதைத் தானாகத் தள்ளிக்கொண்டு போகும். இங்கிலாந்தின் சாத்தம் கப்பல் தளத்தில் கிட்டத்தட்ட 350 மீட்டர் நீளக் கட்டடத்தில் இன்றும் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள், அளவு மட்டும்தான் பெரிது. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக் கயிறு என்றால் உள்ளே ஓர் அடையாள இழையை வைத்துத் திரிப்பார்கள், திருடி விற்றால் வெட்டிப் பார்த்ததும் தெரிந்துவிடும். அதை 1:48-ல் வைத்துத் தர முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். முடியாது சார்.

இனி மாற்றித் தருவது பற்றி. அங்குலம் அச்சடித்த பழைய பொட்டலம் பிரிக்காமல் இருந்தால் திருப்பி அனுப்புங்கள், அதே நீளத்துக்குப் புது நூல் தருகிறோம், அனுப்பும் செலவும் எங்களுடையது. பிரித்துப் பாதி கட்டியவர்கள் ஒரு படமும் கப்பலின் அளவுவிகிதமும் அனுப்பினால், எதை அவிழ்க்க வேண்டும் எதை அப்படியே விடலாம் என்று பார்த்துச் சொல்கிறோம். ஷ்ரவுட்டும் ஸ்டேயும் தடித்திருந்தால் மாற்றுவது நல்லது, உள்ளே தளத்தோடு மறைந்து ஓடும் கயிறுகளை யாரும் பார்க்கப்போவதில்லை, விட்டுவிடுங்கள். கட்டி முடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நூல் தருகிறோம், பிரிப்பதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. என்னுடையதை நான் பிரித்தாகிவிட்டது. முன் பாய்மரம் வரை புது நூல் ஏறியிருக்கிறது, அலமாரியில் மூன்றில் ஒரு பங்கு மெலிந்தும் மீதி மொட்டையாகவும் நிற்கிறது, வந்தால் பார்க்கலாம்.

0.12 மி.மீ. கரும்பழுப்பு மட்டும் தீர்ந்துவிட்டது. அடுத்த சரக்கு வந்ததும் பெயர் கொடுத்தவர்களுக்கு வரிசைப்படி அனுப்புவோம். அதுவரை ராட்லைனைத் தொடாமல் கப்பிகளைக் கட்டிக்கொண்டிருங்கள்.

அன்புடன்,
நூல் மேசையிலிருந்து