மலருக்கு, டென்ட் விஷயமாக

அன்புள்ள மலர்,

இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் மெசேஜ் கிடைத்தது. "அப்பா, கார் மேல வைக்கிற டென்ட் பாத்துட்டிருக்கேன். மூணு பேர் படுக்கற மாதிரி. எது வாங்கலாம்னு சொல்லுங்க." அம்மா போனை வாங்கி மறுபடி மறுபடி படித்தாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் போன் செய்தால் நீ "மீட்டிங்ல இருக்கேன்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். அந்த அப்புறம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். கேட்டதற்கு மட்டும்தான் பதில், பயப்படாதே.

முதலில் எடை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. காரின் கையேட்டில் கூரை தாங்கும் எடை என்று ஓர் எண் இருக்கும். உன் வண்டிக்கு 75 கிலோ என்று நீ முன்பு சைக்கிள் கேரியர் மாட்டும்போது சொன்ன ஞாபகம். திரும்பவும் பார்த்து உறுதி செய்துகொள். அது வண்டி ஓடும்போது தாங்கும் எடை. வளைவில் திரும்பும்போதும் பிரேக் அடிக்கும்போதும் குழியில் இறங்கி ஏறும்போதும் கூரை படுகிற பாடெல்லாம் அதற்குள் அடக்கம். நிற்கிற வண்டி அதைவிடப் பல மடங்கு தாங்கும், இல்லாவிட்டால் மேலே ஏறிப் படுக்கவே முடியாது. ஆனால் விற்கிறவர்கள் அந்த இரண்டாவது எண்ணைக் காட்டிப் பெரிய டென்ட்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஏமாறாதே. கூரைக்கு ஒரு வரம்பு, டென்ட்டைத் தாங்கக் கூரையின் குறுக்கே மாட்டுகிற கம்பிகளான கிராஸ் பாருக்கு ஒரு வரம்பு. இரண்டில் எது குறைவோ அதுதான் உனக்கு. பாரின் எடையும் அந்த 75-க்குள்தான் வரும். பார் 6 கிலோ என்றால் மீதி 69. மெத்தை, ஏணி எல்லாம் சேர்த்து டென்ட் அதற்குள் அடங்க வேண்டும். விளம்பரத்தில் போட்டிருக்கிற எடையில் ஏணி சேர்த்தியா என்று கேள். போர்வையை உள்ளேயே சுருட்டி வைத்துப் பூட்டினால் அதுவும் எடைதான்.

நான்கு பேர் படுக்கிற டென்ட் 70, 80 கிலோ, அதற்கு மேலும் போகும். உன் கூரைக்கு ஆகாது. மூன்று பேர் என்று நீ எழுதியது அதனால்தானோ என்று நினைத்தேன். அப்படித்தான் இருக்கும். அம்மாவிடமும் அதையே சொன்னேன்.

அடுத்து ரகம். துணி உறை போட்டு மடித்து வைக்கிற சாஃப்ட் ஷெல் ஒன்று, மேலே கெட்டி மூடி உள்ள ஹார்டு ஷெல் இன்னொன்று. சாஃப்ட் ஷெல்லில் இடம் தாராளம். மடித்ததை விரித்தால் பாதித் தளம் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அந்தப் பாதியை ஏணிதான் தாங்கும். விலையும் குறைவு, எடையும் பெரும்பாலும் குறைவு. விரிப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. கஷ்டம் மடிப்பதில். டயர் மேல் ஒரு காலும் கதவு விளிம்பில் ஒரு காலுமாக நின்று, பிதுங்குகிற துணியை ஒரு கையால் உள்ளே தள்ளி, மறு கையால் உறையை இழுத்து ஜிப் போட வேண்டும். காலையில் மழை பெய்தால் ஈரத்தோடு அத்தனையும். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம் நின்றால் ஐந்து நிமிட வேலை. தனி ஆள் என்றால் காரைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும், கீழே பிள்ளைகள் "பசிக்குதும்மா" என்று நிற்பார்கள்.

ஹார்டு ஷெல்லில் கொக்கியை விடுவித்தால் கேஸ் ஸ்ட்ரட், அதாவது கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரியான வாயுத் தண்டு, தானே மூடியைத் தூக்கிவிடும். மூடுவதற்குப் பட்டையைப் பிடித்துத் தொங்கினாற்போல் இழுத்து, ஓரத்துத் துணியை உள்ளே செருகிக் கொக்கியை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். குறை அகலத்தில். ஒரு பக்கமாகத் திறக்கிற சாதாரண ரகங்கள் 120-லிருந்து 140 செ.மீ.க்குள் முடிந்துவிடும். இப்போதே கூடத்தில் டேப் வைத்து 140-க்கு 200 அளந்து, தரையில் கோடு போட்டு, பெரியவனையும் சின்னவளையும் பக்கத்தில் போட்டுப் படுத்துப் பார். கடையில் பார்த்துத் தீர்மானிக்காதே. கடையில் எல்லோரும் நேராகப் படுத்துக் காட்டுவார்கள், சின்னவள் எப்படிப் படுப்பாள் என்று நமக்குத் தெரியும்.

பக்கவாட்டில் விரிகிற ஹார்டு ஷெல்லும் உண்டு, அகலம் கிடைக்கும், எடை அதிகம். திரும்ப அந்த 69-க்கு வந்து நின்றுவிடுகிறது கணக்கு.

வண்டிமேல் ஏற்றுவதைச் சொல்ல வேண்டும். 60 கிலோப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பாரின்மேல் வைக்கக் குறைந்தது இரண்டு பேர், மூன்று பேர் என்றால் இன்னும் நல்லது. வைத்தபின் அடியில் படுத்து போல்ட்டை அதற்கான பள்ளத்தில் நகர்த்தும்போது மேலே ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு வேலை அதிகம் என்று நீ போன தீபாவளிக்கே சொன்னாய். அவர் ஊரில் இருக்கிற நாளாகப் பார்த்து வைத்துக்கொள். இல்லையென்றாலும் பரவாயில்லை, அதற்கும் வழி கீழே எழுதியிருக்கிறேன்.

போல்ட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சு (முடுக்கும் விசையை அளந்து காட்டுகிற ஸ்பானர்) வைத்து முடுக்கு. கைப்பலத்தை நம்பாதே. முதல் 50 கிலோமீட்டர் ஓட்டியதும் ஓரமாக நிறுத்தி, எல்லா போல்ட்டையும் ஒரு சுற்றுப் பார். அதிர்வில் புது போல்ட் இளகும். அப்புறம் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பார்க்க வேண்டும். நீ எட்டாவது படிக்கும்போது என் ஸ்கூட்டர் கார்புரேட்டரைக் கழற்றி ஒரு திருகாணிகூட மிச்சமில்லாமல் திரும்ப மாட்டினாய். நான் அதைச் சொல்லாத ஆள் கிடையாது. போல்ட் முடுக்க உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒருத்தியாகவே இழுத்துப் போட்டுக்கொள்கிற அந்தப் பிடிவாதமும் அப்போதே வந்துவிட்டது. ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று கேட்டால் குறைந்தா போய்விடுவாய்?

உயரம் பார்த்தாயா? கார் ஒன்றரை மீட்டருக்கு மேல், அதில் பார், அதில் டென்ட். இரண்டு மீட்டரைத் தொட்டுவிடும். மொத்த உயரத்தை அளந்து டாஷ்போர்டில் ஒரு சீட்டாக ஒட்டிவை. மறந்துபோய்க் கீழ்த்தளப் பார்க்கிங்கில் நுழைந்துவிட்டுத் தகராறு பண்ணுகிறவர்கள் நிறைய. உங்கள் ஃப்ளாட்டின் பார்க்கிங் வாசலில் உயரம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அதே ஃப்ளாட்தானே? வேறு வீடு ஏதாவது பார்ப்பதாக இருந்தால் அங்கேயும் பார்க்கிங் உயரத்தைக் கேட்டுக்கொள். சும்மாதான் சொல்கிறேன்.

வண்டி தலைக்கனமாகிவிடும் என்பதை மறக்காதே. மேலே 60 கிலோ இருக்கும்போது வளைவில் சாய்வது தெரியும், பக்கக் காற்று தள்ளும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். கிழக்கு ஜெர்மனியில் எழுபதுகளில் டிராபன்ட் கார் மேலேயே டென்ட் வைத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறார்கள். இரண்டு சிலிண்டர், 26 குதிரைத்திறன்! வேகம் போக முடியாத வண்டி, அதனால் பிழைத்தார்கள் என்று நினைக்கிறேன். உன் வண்டி வேகம் போகும். நீயும் போவாய்.

படுக்கிற இடம் சமதளமாக இருக்கட்டும். கொஞ்சம் சரிவு என்றால் தலை மேட்டுப் பக்கம். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடு. மரத்தடி நிழல் என்று ஆசைப்படாதே, காய்ந்த கிளை எது என்று இருட்டில் தெரியாது. ஏணியின் கால் கெட்டித் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். நீட்டுகிற ஏணி என்றால் ஒவ்வொரு கணுவும் 'டக்' என்று பூட்டிய சத்தத்தைக் காதால் கேட்டபிறகு பிள்ளைகளை ஏற்று. இறங்கும்போது ஏணியைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும், முதுகு காட்டி இறங்கவே கூடாது.

சின்னவளுக்கு அடுத்த மாதம் ஆறு முடிகிறது. அதுவரை பொறு. அடுக்குக் கட்டிலின் மேல் தட்டிலேயே ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் படுக்க விடக் கூடாது என்பார்கள், இது அதைவிட உயரம். பெரியவன் இன்னும் தூக்கத்தில் எழுந்து நடக்கிறானா? அது எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும், அம்மா வாசல் தாழ்ப்பாளில் மணி கட்டி வைத்திருந்தது உனக்காகத்தான். பெரியவர்கள் இருவர் இருந்தால் ஆளுக்கு ஓர் ஓரம் படுத்து, பிள்ளைகளை நடுவில் போட்டுக்கொள்ளலாம். ஒருவர் என்றால் கதவுப் பக்கம் நீ படுத்துக்கொள். மற்ற ஜன்னல்களின் துணிக் கதவைப் பாதிக்கு மேல் திறக்காதே, கொசுவலை அவன் எடையைத் தாங்காது.

ஆனால் ஜன்னலை முழுக்க மூடியும் விடாதே. எதிரெதிராக இரண்டு பக்கம் மேலே கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். மூன்று பேர் மூச்சு விட்டாலே விடியும்போது துணியின் உள்பக்கம் தண்ணீர் கோத்து நிற்கும். மெத்தைக்கு அடியில்தான் அதிக ஈரம், அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். அடியில் காற்றுப் போகிற வலைப்பாய் ஒன்று போடு. ஈரத்தோடு மடித்துக் கொண்டுவந்தால் வீட்டுக்கு வந்ததும் திறந்து காயவை, நாளைக்கு என்று தள்ளாதே. கான்வாஸ் துணி என்றால் முதல் பயணத்துக்கு முன்பே விரித்து, நன்றாக நனைத்து, காயவிட்டு எடு. நூல் ஊறித் தையல் ஓட்டைகள் அடைபட்டுவிடும்.

குளிருகிறது என்று உள்ளே அடுப்போ ஹீட்டரோ எரிகிற எதையுமோ வைக்காதே. காரின் இன்ஜினையும் ஓடவிடாதே. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பேட்டரியில் ஓடுகிற அலாரம் ஒன்று வாங்கி உள்ளே மாட்டு, நான் வாங்கி அனுப்பினாலும் சரி. இடி இடித்தால் மேலே இருக்காதீர்கள். இறங்கிக் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு, கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

என் தூக்கத்தைக் கெடுப்பது இவை எதுவும் இல்லை. டென்ட் விரித்துவிட்டால் கார் நகராது. நள்ளிரவில் பிள்ளைக்கு ஏதாவது என்றால், மடித்து ஏணியை ஏற்றிப் பூட்டிய பிறகுதான் வண்டியை எடுக்க முடியும். இருவர் இருந்தால் ஒருவர் பிள்ளையைப் பார்ப்பார், ஒருவர் மடிப்பார். ஒருவர்தான் என்றால் முதலில் இரண்டு பேரையும் காருக்குள் உட்கார்த்தி, பெல்ட் போட்டுவிட்டு, அப்புறம் மடி. சாவி, போன், டார்ச் மூன்றும் தலைமாட்டில் ஒரே பையில் இருக்கட்டும். வாங்கியதும் வீட்டு வாசலிலேயே ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டு, நீ மட்டும் மூடிப் பார். எவ்வளவு நேரம் ஆகிறது என்று எனக்கு எழுது. பத்து நிமிடத்துக்கு மேல் போனால் அந்த டென்ட் வேண்டாம்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அம்மா, கொஞ்சம் தாராளமாக வாங்கச் சொல்லுங்கள், நாளைக்கு நான்கு பேரும் போகலாமே என்றாள். நான் சரி என்றுதான் தலையாட்டினேன். ஆனால் உனக்கு எழுதுவது இது: அகலம் 140 செ.மீ. உள்ள ஹார்டு ஷெல், 60 கிலோவுக்குள். ஒரு ஆள் திறந்து, ஒரு ஆள் மூடக்கூடியது. உங்கள் மூன்று பேருக்கும் இப்போதைக்கு நெருக்கமாக, நன்றாக இருக்கும். பெரியவன் வளர்ந்தால் அவன் கீழே கார் சீட்டில் படுப்பேன் என்று அடம்பிடிப்பான், படுக்கட்டும்.

வண்டி மேலிருந்து கழற்றி வைக்க, பார்க்கிங்கின் மேற்கூரையில் கொக்கி அடிக்க விடுவார்களா என்று கேள். கப்பியும் கயிறும் கட்டித் தொங்கவிட்டால் காரை அடியில் நிறுத்தி நீ ஒருத்தியாகவே இறக்கலாம், ஏற்றலாம். வரைபடம் போட்டு வைத்திருக்கிறேன். முதல் தடவை மாட்ட நானும் அம்மாவும் வருகிறோம். என் இடுப்பு இப்போது சரியாகிவிட்டது, டாக்டரைக் கேட்டுவிட்டேன். டெலிவரி தேதி மட்டும் சொல், டிக்கெட் போடுகிறேன். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்காதே, அம்மா இன்னும் முடிவு பண்ணவில்லை.

அன்புடன்,
அப்பா

பி.கு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெரியவனுக்கு நிறையத் தண்ணீர் கொடுக்காதே. இருட்டில் ஏணியில் இறங்க வேண்டியிருக்கும்.