இபிசா கிளப் உரிமையாளர்களுக்கு: தாகத்துக்கு விலை வைக்காதீர்கள்

ஸ்பெயினின் இபிசா தீவில் இரவு நடன கிளப் நடத்தும் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

நான் மது அருந்தாதவன். நண்பர்கள் இழுத்து வந்ததால் ஓர் ஆகஸ்ட் இரவில் உங்களில் ஒருவரின் விருந்தாளியானேன். இசை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடிக்காமல் போயிருந்தால் இந்த மடலை எழுதும் சிரமத்தை எடுத்திருக்க மாட்டேன்.

நுழைவதற்கே 80 யூரோ. நள்ளிரவு தாண்டியும் முக்கிய டி.ஜே. வந்து சேரவில்லை. காத்திருக்கும் நேரத்தில் குடிக்கலாம் அல்லது ஆடலாம், நான் ஆடினேன். மத்தியதரைக் கடலின் கோடைப் புழுக்கத்தில், தோளோடு தோள் உரசும் கூட்டத்தில் ஆடினால், சட்டையைப் பிழிந்து காயப்போடலாம். கவுண்டருக்குப் போய்த் தண்ணீர் கேட்டேன். கையளவு பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றுக்கு 12 யூரோ என்றார் அங்கிருந்த பெண். இரைச்சலில் தவறாகக் கேட்டிருக்கும் என்று விரல்களால் காட்டச் சொன்னேன். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பிறகு மேலும் இரண்டு விரல்களை நீட்டினார். ஆயிரம் ரூபாய்க்கு மேல்! கடல் சூழ்ந்த ஊரில் நாக்கு வறண்டு நின்றேன்.

அந்நேரம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓர் ஊர்வலம் வந்தது. மத்தாப்புச் செருகிய ஷாம்பெயின் பாட்டில்களைத் தலைக்கு மேல் தூக்கியபடி பணிப்பெண்கள் முன்னே நடக்க, ஒளிரும் பலகை ஏந்தியவர்கள் பின்னே வந்தார்கள். சாமி புறப்பாடு போல எல்லோரும் வழிவிட்டார்கள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை உயர்த்தினார்கள். பாட்டில் போய்ச் சேர்ந்த வி.ஐ.பி. மேசையில் ஒருவரும் ஆடவில்லை. டி.ஜே.க்கு மிக அருகிலுள்ள இடம் முழுவதும் அப்படிப்பட்ட மேசைகளுக்குத்தான். ஆட வந்தவர்கள் பின்னால் நசுங்குகிறார்கள்.

ஷாம்பெயினுக்கு நீங்கள் எந்த விலையும் வையுங்கள். மேசையில் அமர விரும்பும் செல்வந்தரிடம் அவர் தரும் அளவுக்கு வாங்குங்கள். அதில் எனக்கு வழக்கில்லை. தண்ணீர் வேறு. பல மணி நேரம் ஆடும் உடம்புக்கு அது மருந்து. போதைப்பொருள் எடுத்தவருக்கு உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும் என்பது உங்கள் காவலாளிகளுக்கும் தெரியும். தாகத்தை வருமானமாக்குவது கொடுமை.

உங்களிடம் வரும் கூட்டத்தில் பெரும் பங்கினர் பிரிட்டிஷார். இங்கிலாந்திலும் வேல்சிலும் மது உரிமம் பெற்ற இடங்கள், கேட்பவருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2010 முதல் உரிம நிபந்தனை. ஸ்பெயினிலும் 2022 ஆம் ஆண்டின் கழிவுச் சட்டம், உணவகங்களும் மதுவகங்களும் பாட்டிலில் அடைக்காத தண்ணீரை இலவசமாக வழங்க வேண்டும் என்கிறது. அது நடன கிளப்புக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞர்களை வைத்து நீங்கள் வாதாடலாம். தயவுசெய்து வாதாடாதீர்கள்.

உங்கள் தீவின் புகழ் மேசைகளால் வந்ததல்ல. 1973 இல் பாச்சா கிளப் தொடங்கியபோது அது வெள்ளையடித்த பண்ணை வீடு போன்ற கட்டடம். அம்னீசியா கிளப்பில் அர்ஜென்டினாக்காரரான டி.ஜே. ஆல்ஃபிரெடோ, கூரையில்லாத தளத்தில் கையில் அகப்பட்ட எல்லா வகை இசையையும் கலந்து விடியும்வரை வாசித்தார். 1987 இல் அதைக் கேட்ட லண்டன் இளைஞர்கள் சிலர் ஊர் திரும்பித் தங்கள் நகரத்தின் இரவுகளையே மாற்றினார்கள். அவர்கள் ஆட வந்தவர்கள்.

கவுண்டரில் நின்ற பெண்மீது எனக்குக் கோபமில்லை. விலையை எழுதியவர் அவரல்லர். அவரைப் போன்ற பருவகாலத் தொழிலாளர்கள் பலர் அறை வாடகை கட்டுப்படியாகாமல் வேன்களிலும் கூடாரங்களிலும் தங்கும் தீவு இது. அந்த 12 யூரோ அவர்களுக்குப் போகிறது என்றாலாவது மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பேன்.

அடுத்த பருவத்துக்குக் கதவு திறக்கும் முன் இதைச் செய்யுங்கள்: ஆடுதளத்தின் இரு பக்கமும் வடிகட்டிய, குளிர்ந்த குடிநீர்க் குழாய்களை வையுங்கள். கழிவறை வாசலில் ஒளித்து வைக்காமல், ஆடுபவர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். பாட்டில் தண்ணீர் விற்றே ஆக வேண்டும் என்றால், அதன் விலையை டிக்கெட் வாங்கும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இசையை விரும்பும் வெளியூர்க்காரன்